தூளிக்குள் ஒரு புறா

என் மூத்த பெண் பிறந்த மூன்றாவது வாரத்தில் அவளுடைய மூச்சுக்குச் சத்தம் வந்தது. எந்த நாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கல்கத்தாக் குளிர்கால மத்தியானங்களை நாள் பிரித்துச் சொல்ல முடியுமா என்ன? எனக்கு எல்லாம் ஒரே மத்தியானமாகத்தான் ஞாபகம் இருக்கிறது. ஜன்னல் கம்பி வழியாக வெயில் உள்ளே வந்து தரையில் கோடு கோடாகப் படுத்துக்கொள்ளும். தூரத்தில் டிராம் மணி கேட்கும். காளி கோயில் பக்கம் யாரோ சங்கு ஊதுவார்கள். நான் பாதித் தூக்கத்தில் கிடப்பேன். அந்தப் பாதித் தூக்கத்துக்குள்தான் அந்தச் சத்தம் முதலில் வந்தது. ஜன்னல் மேல் புறா வந்து உட்கார்ந்து குமுறுகிறது என்று நினைத்துத் திரும்பிப் படுத்தேன். சத்தம் விடவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் ஜன்னலில் புறா இல்லை. தூளிதான் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. சத்தம் அதற்குள்ளிருந்து வந்தது.

நாங்கள் அப்போது காளிகாட்டில், கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு வங்காளி வீட்டு மாடியில் குடியிருந்தோம். என் கணவருக்குச் சணல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா வேலை. பிரசவத்துக்கு நான் தஞ்சாவூர்ப் பக்கம் போயிருக்க வேண்டியவள். ஆனால் என் அம்மா அதற்கு முந்தின வருஷம்தான் போய்ச் சேர்ந்திருந்தாள். யார் வீட்டுக்குப் போவது? அதனால் என் கணவரின் அக்கா கரக்பூரிலிருந்து வந்து என்னைப் பார்த்துக்கொண்டாள். அவள் கணவர், அத்திம்பேருக்கு அங்கே ரயில்வேயில் உத்தியோகம். நானும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அக்காவைப் பற்றி நல்லதும் பொல்லாததும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். என் வாய்க்கு அவள் வாய் இளைத்ததில்லை. பத்தியச் சாப்பாடு, எண்ணெய்க் குளியல், குழந்தைக்கு உரை மருந்து என்று இடுப்பொடிய உழைத்தாள். உழைத்த கையோடு என்னைத் திட்டவும் திட்டினாள். மத்தியானத்தில் நான் கண்ணயர்ந்தால் அவள் அயர மாட்டாள். தூளிக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "நீங்களும் சித்தப் படுத்துக்கோங்கோளேன்க்கா" என்றால், "எனக்குத் தூக்கம் வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு, நீ தூங்கு" என்பாள். அவளுக்கு ஒரு பிள்ளை இருந்து இரண்டு வயதில் போய்விட்டான் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு குழந்தை இல்லை என்பதும் தெரியும். அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை.

மூச்சுச் சத்தம் வந்த அன்றைக்கே ஆளுக்கொரு காரணம் சொன்னோம். என் கணவர் கரிப்புகை என்றார். அதில் நியாயம் இருந்தது. சாயங்காலமானால் சந்தில் இருக்கிற அத்தனை வீட்டிலும் கரி அடுப்புப் பற்றவைப்பார்கள். புகை பனியோடு கலந்து மேலே போகாமல் ஜன்னல் உயரத்திலேயே நிற்கும், எதிர்வீடு தெரியாது. ஆனால் சத்தம் மத்தியானத்திலும் வந்ததே! அக்கா மாந்தம் என்றாள். "நீ கண்டதைத் தின்னிருக்கே, பால் கெட்டுப்போச்சு" என்றாள். கீழ்வீட்டு அம்மாள் புதுவெல்லம் போட்ட சந்தேஷ் என்கிற பால் இனிப்பு கொடுத்திருந்தாள். பத்தியத்தை மீறி, புடவைத் தலைப்புக்குள் மறைத்து, இரண்டு தின்றிருந்தேன். உண்மையைச் சொல்லப்போனால் நாலு. அதை நான் ஒப்புக்கொள்ளவே இல்லை. ஆனால் மனசுக்குள், பாவி, நாக்கை அடக்கத் தெரியாமல் குழந்தைக்கு வினை தேடிவிட்டாயே என்று குமைந்தேன்.

சத்தம் வந்தால் தூளியை ஆட்டுவோம். அது ஒன்பது கஜப் புடவையில் கட்டின தூளி. என் அம்மாவின் புடவை. ஊரிலிருந்து என்னோடு வந்தது. அக்கா அதை உத்தரத்துக் கொக்கியில் கட்டி, தானே உட்கார்ந்து ஆட்டுவாள். குழந்தை உள்ளே உருண்டையாகச் சுருண்டு கிடக்கும். அதன் மோவாய் மார்பில் இடிக்கும். அது எவ்வளவு அழகாக இருக்கும் தெரியுமா? அம்மா வயிற்றில் இருக்கிற மாதிரியே இருக்கு என்று அக்கா சொல்வாள். சத்தம் கூடினால் இன்னும் ஆட்டுவோம். ஆட்ட ஆட்ட அது இன்னும் கூடும். கர்ர், கர்ர் என்று, ஒவ்வொரு மூச்சுக்கும். நான்கு வாரம் இப்படிப் போனது.

ஒரு நாள் அக்கா அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒரு விரலி மஞ்சளை எடுத்துத் தனியாகச் சுவாமி மாடத்தில் வைத்தாள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த நாளில் எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு மாந்தம், இழுப்பு என்றால் சூடு போடுவார்கள். மஞ்சள் கொம்பை நல்லெண்ணெய் விளக்கில் காட்டிக் கருக்கி, தொப்புளுக்கு மேலே ஓர் இழுப்பு. அவ்வளவுதான். குழந்தை வீரிட்டு அலறும். அப்புறம் சரியாகிவிடும் என்பார்கள்.

"வேண்டாம்க்கா. ரெண்டு மாசம் கூட முழுசா ஆகலை. பிஞ்சு உடம்பு" என்றேன்.

"உனக்குப் போட்டிருக்கே, நீ பொழைக்கலையா?" என்றாள்.

என் வயிற்றில் ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு உண்டு. நானும் பிறந்த மாசத்தில் இப்படித்தான் கர்ர் கர்ர் என்று மூச்சு விட்டேனாம்; சூடு போட்டதும் நாளாவட்டத்தில் நின்றுவிட்டதாம். என் அம்மா அதைப் பெருமையாகச் சொல்வாள். எண்ணெய் தேய்த்துவிடும்போது அக்கா அந்தத் தழும்பைப் பார்த்திருக்கிறாள். என் வயிறே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

சாயங்காலம் என் கணவர் ஆபீசிலிருந்து வந்ததும், "ஏன்னா, நீங்க என்ன சொல்றேள்?" என்று கேட்டேன்.

"அக்கா அனுபவசாலி" என்று பத்திரிகைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"உங்க பொண்ணுன்னா அவ!"

"நீயும்தான் பெத்தவ. ரெண்டு பேருமாப் பேசி முடிவு பண்ணுங்கோ." எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பத்திரிகையை அடுப்பில் போட்டிருப்பேன். அக்கா ஞாயிற்றுக்கிழமை காலை என்று நாள் குறித்துவிட்டாள். தம்பி வீட்டில் இருப்பான், காலைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே என்றாள்.

வியாழக்கிழமை நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். கீழ்வீட்டு அம்மாளை நான் பௌதி என்று கூப்பிடுவேன். வங்காளிகள் அண்ணன் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வங்காளி பேசக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான், சந்தேஷ் கொடுத்துக் கெடுத்தவளும் அவள்தான். மாடியில் பாய் விரித்து, கடுகெண்ணெய்க் கிண்ணத்தை வெயிலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கொடு இங்கே என் குக்குமணியை" என்று வாங்கி, காலை நீட்டி அதில் போட்டுக்கொண்டு எண்ணெய் தேய்க்க ஆரம்பித்தாள்.

அந்த வெயிலை நான் இன்னும் மறக்கவில்லை. பனி அப்போதுதான் விலகியிருந்தது. கடுகெண்ணெயின் காரம் மூக்கில் ஏறியது. காய்கிற புடவைகள் அசைந்து அசைந்து பாயின் மேல் நிழல் போட்டன. கோயில் பக்கத்துச் சத்தமெல்லாம் மிகவும் தொலைவில், தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி கேட்டது. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வரவே வராது, இந்த வெயில் இப்படியே நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றியது. சுவரில் சாய்ந்துகொண்டேன். கர்ர், கர்ர் என்று மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. கண் செருகியது.

திடீரென்று சத்தம் நின்றது.

"பௌதி! குழந்தை!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தேன்.

பௌதி மிரண்டுபோய், "என்ன ஆச்சு உனக்கு? எழுப்பிவிடாதே" என்றாள். குழந்தை அவள் காலில் குப்புறப் படுத்திருந்தது. கன்னம் ஒருபக்கமாகத் திரும்பியிருந்தது. முதுகில் எண்ணெய் மின்ன, முதுகு ஏறி இறங்கியது. மூச்சு வந்தது. சத்தம்தான் இல்லை. வாய் திறந்து எச்சில் ஒழுக, எந்தக் கவலையும் இல்லாமல் தூங்கியது. நான்கு வாரத்தில் அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

மெல்லத் திருப்பி மல்லாக்கப் போட்டேன். கர்ர் என்றது. குப்புறப் போட்டேன். நின்றது. பௌதி தலையில் அடித்துக்கொண்டாள். "ஓ மா! தோசையா அது, திருப்பித் திருப்பிப் போடுகிறாயே?" என்றாள். அவளுக்குத் தோசை தெரிந்ததும் என்னால்தான். நான் குழந்தையை வாரிக்கொண்டு கீழே ஓடி, தூளியில் போட்டேன். மோவாய் மார்பில் இடித்தது. சத்தம் முன்னைவிடப் பெரிதாக வந்தது. எடுத்துத் தோளில் சாய்த்தேன். குறைந்தது. அம்மாவின் புடவை! சத்தம் வரும்போதெல்லாம் ஓடி ஓடிப்போய் அதைத்தானே ஆட்டினோம்!

அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "குப்புறப் போட்டா மூச்சு முட்டும்டி. தூளியில வளராத குழந்தை உண்டா? நம்ம வம்சமே அதுல வளர்ந்தது" என்றாள்.

"நீங்களே கேட்டுப் பாருங்கோளேன். சத்தம் நின்னு போறது."

"வெளியில நின்னா உள்ள போச்சுன்னு அர்த்தம்" என்றாள். "என்னவோ பண்ணு. ஞாயித்துக்கிழமையை மாத்த மாட்டேன். விட்டுட்டுப் பின்னால தலையில அடிச்சுண்டு பிரயோஜனம் இல்லே." அவள் குரலில் அன்றைக்குக் கோபம் இல்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பௌதியின் மைத்துனர் அப்போதுதான் டாக்டருக்குப் படித்து முடித்திருந்தார். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. தெருவில் யாரும் அவரிடம் நாக்கை நீட்டிக் காட்டத் தயாராக இல்லை. பௌதி அவரைக் காதைப் பிடித்து இழுக்காத குறையாகச் சனிக்கிழமை மத்தியானம் மாடிக்குக் கூட்டிவந்தாள். என் கணவர் ஆபீசில் இருந்தார். அக்காவுக்கு வங்காளி ஒரு வார்த்தை தெரியாது. அதனால் அவர் சொல்வதை அவளுக்கும் அவள் சொல்வதை அவருக்கும் நான்தான் மாற்றிச் சொன்னேன்.

அவர் குழந்தையைத் தொடவே இல்லை. சும்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு கேட்டார்: "சத்தம் மூச்சை உள்ளே இழுக்கும்போது வருகிறதா, வெளியே விடும்போதா?"

நான் விழித்தேன். ராப்பகலாக அதையே கேட்டுக்கொண்டிருந்தவள், எனக்குப் பதில் தெரியவில்லை. அக்காவிடம் கேட்டேன்.

"உள்ள போறச்சே" என்றாள் அக்கா, யோசிக்காமல். "வெளிய வரச்சே ஒண்ணும் இல்லே. தூங்க ஆரம்பிச்சா குறையும், அழுதா கூடும். பால் குடிக்கறச்சே நடுவுல நிறுத்தி மூணு மூச்சு வாங்கிக்கும்." அதோடு, தன் தொண்டையால் அந்தச் சத்தத்தை அப்படியே போட்டுக் காட்டினாள். குழந்தையிடமிருந்து வந்ததா, அவளிடமிருந்து வந்ததா என்று தெரியாத அளவுக்கு இருந்தது. டாக்டர் அசந்துபோய் அவளைப் பார்த்தார்.

பிறகு குழந்தையை எடுத்து எடை பார்ப்பது போலத் தூக்கினார். உதட்டைப் பார்த்தார். விலா எலும்புக்குக் கீழே தோல் உள்வாங்குகிறதா என்று பார்த்தார். ரப்பர் குழாயை மார்பில் இரண்டு பக்கமும் வைத்துக் கேட்டார். உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டினார். அது வீரிட்டது. "குரல் மணி மாதிரி இருக்கிறது, நல்லது" என்றார். மல்லாக்க, குப்புற, தோளில் என்று நான் செய்ததையெல்லாம் அவரும் செய்தார். பௌதி என் இடுப்பில் இடித்தாள்.

மாந்தம் இல்லை, சளி இல்லை, மார்பு சுத்தமாக இருக்கிறது என்றார். மூச்சுக்குழாயின் வாசலில் இருக்கிற சதை சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போது ரொம்ப இளசாக இருக்குமாம். மூச்சை இழுக்கும்போது ஈரத்துணி மாதிரி அது உள்ளே மடிந்து விழும், அந்தச் சத்தம்தான் இது என்றார். மல்லாந்தாலும் கழுத்து மடங்கினாலும் இன்னும் மடியும். வளர வளரத் தானாகவே உறுதிப்படும், ஒன்றரை வயதுக்குள் போய்விடும். உதடு நீலமானாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ, குரல் கம்மினாலோ அந்த நிமிஷமே என்னைக் கூப்பிடுங்கள் என்றார். மற்றபடி மருந்தே வேண்டாமாம்.

தானாகவே போய்விடும்! என் கை என்னை அறியாமல் வயிற்றுக்குப் போனது. அப்படியானால் எனக்குப் போட்ட சூடு? அதுவும் வெறுமனேதான் போட்டது. அம்மா, உன்னை என்ன சொல்லித் திட்டுவேன்? நீயும் இல்லையே.

அக்காவுக்கு எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். அவள் சுவாமி மாடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு, "அவரை ஒண்ணு கேக்கணும்" என்றாள். "வேற சத்தம் ஒண்ணு. அது என்னன்னு கேளு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முதலில் இருமினாள். நாய் குரைக்கிற மாதிரி, வறண்ட இருமல். பிறகு மூச்சை இழுத்தாள். நீளமாக, ரம்பம் மரத்தில் இறங்குகிற மாதிரி. விட்டாள். அதிலும் சத்தம். திரும்ப இழுத்தாள். பௌதி வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பாஷை வேண்டியிருக்கவில்லை. அந்த அறையில் அப்போது ஒரு குழந்தை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு நாள்" என்றாள் அக்கா. "குரலே போயிடுத்து. அம்மான்னு வாயைத் திறப்பான், சத்தம் வராது. தொண்டைக்குள்ள சாம்பல் கலர்ல தோல் மாதிரி மூடிண்டிருந்தது. எல்லாரும் சூடு போடணும்னா. நான்தான் அவனைத் தூக்கிண்டு அறைக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுண்டேன். என் கொழந்தையைச் சுட விடமாட்டேன்னு கத்தினேன். விடிஞ்சு கதவைத் திறந்தேன்." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "போட விட்டிருந்தா இருந்திருப்பானோன்னு கேளு."

இத்தனை வருஷமாக இதைத்தான் வைத்துக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்திருந்தாளா! நான் அவளைப் பிசாசு என்று மனசுக்குள் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கேட்டேன். வார்த்தை தடுக்கத் தடுக்க வங்காளியில் கேட்டேன்.

டாக்டர் தாழ்ந்த குரலில் சொன்னார். அது தொண்டையில் தோல் வளர்ந்து அடைக்கிற நோய். ஆயிரம் சூடு போட்டாலும் நின்றிருக்காது. போடாமல் விட்டதால் குழந்தை அந்த வேதனையாவது இல்லாமல் போயிற்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். சின்ன வயசு, படித்ததையெல்லாம் சொல்லவேண்டும் என்கிற நேர்மை. அந்த நோய்க்கு ஓர் ஊசி மருந்து உண்டு என்றார். அந்தப் பிள்ளை போன காலத்திலேயே கல்கத்தாப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு அது வந்துவிட்டது. முதல் நாளே ரயிலேற்றிக் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடும்.

பௌதி என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன்.

"சூடு போட்டிருந்தாலும் நின்னிருக்காதாம்க்கா. நீங்க பண்ணினதுதான் சரியாம். அந்த வலி இல்லாமயாவது போனானாம்."

"ரொம்ப நாழி பேசினாரே. இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

அக்கா என் மடியில் இருந்த குழந்தையைக் காட்டினாள். "அவ தலையில கை வெச்சுச் சொல்லு."

வைத்தேன். உச்சிக்குழி என் உள்ளங்கையின் கீழே துடித்துக்கொண்டிருந்தது. கர்ர் என்று ஒரு மூச்சு இழுத்தாள். "இவ்வளவுதான் சொன்னார்" என்றேன்.

அக்கா அப்படியே தரையில் சரிந்து, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். டாக்டர் பாபு ஒன்றும் புரியாமல் ரப்பர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பௌதி அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். அவள் அதைப் பற்றி என்னிடம் பிறகு ஒருபோதும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா அந்த விரலி மஞ்சளைக் கல்லில் இழைத்து, எனக்கு முகத்தில் பூசிக் குளிப்பாட்டினாள். தூளியை அவிழ்த்து மடித்துப் பெட்டியில் வைத்தாள். மத்தியானம் குழந்தையைப் பக்கத்தில் குப்புறப் போட்டுக்கொண்டு, ஒரு கையை அதன் முதுகில் வைத்தபடி தூங்கினாள். குறட்டை விட்டுத் தூங்கினாள். நான் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு தூங்காமல் இருந்தது என் முறை. ஒன்றரை வருஷம். சளி பிடித்துச் சத்தம் கூடும்போதெல்லாம், அந்தப் பொய்ச் சத்தியம்தான் குழந்தையின் தொண்டையில் வந்து உட்கார்ந்துவிட்டது என்று நடுங்குவேன். காளி கோயிலுக்குப் போய் நின்றால் வேண்டிக்கொள்ள வாய் வராது. என்ன சொல்லி வேண்டிக்கொள்வது? ஒரு மத்தியானம் பாதித் தூக்கத்தில் புறா குமுறுகிற சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தேன். பெண் பாயில் மல்லாந்து, கையைக் காலைப் பரப்பிக்கொண்டு, சத்தமே இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னலில் நிஜமாகவே ஒரு புறா உட்கார்ந்திருந்தது.

சத்தம் நின்றுவிட்டது என்று கரக்பூருக்குக் கடிதாசு போட்டோம். அக்கா அத்திம்பேரை விட்டு எழுதச் சொன்ன பதிலில் கடைசி வரி, "நானும் இப்போது நன்றாகத் தூங்குகிறேன்" என்று இருந்தது. அக்கா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். இன்னொரு தடவை கேட்டாலும், என் பெண் தலையில் கை வைத்து அதையேதான் சொல்வேன்.